ஒரு வீடு விடுபட்டாலும் தண்ணீர் இல்லை: ஒடிசாவில் கிராம விகாஸ்

ஊருக்கு மேட்டில் தண்ணீர்த் தொட்டி கட்டியாகிவிட்டது. தெருவெல்லாம் குழாய் பதித்தாயிற்று. எண்பது வீடுள்ள ஊரில் எழுபத்தெட்டு வீடுகள் கழிப்பறையும் குளியலறையும் கட்டி முடித்துவிட்டன. இரண்டு வீடு பாக்கி. ஒன்றில் தனியாக இருக்கும் ஒரு விதவைக்குச் செங்கல் வாங்கப் பணமில்லை. இன்னொன்றில் அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு, யார் பக்கத்தில் குழி தோண்டுவது என்று முடிவாகவில்லை. அந்த இரண்டு வீடும் முடியும்வரை மற்ற எழுபத்தெட்டு வீட்டுக்கும் ஒரு சொட்டு கிடையாது, வால்வைத் திறக்க மாட்டோம் என்கிறது வேலையை நடத்தும் தொண்டு நிறுவனம்.

இந்த எண்பது வீட்டு ஊர் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டது. விதி மட்டும் நிஜம். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் மொஹுடா என்ற இடத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிராம விகாஸ், 1992 முதல் இந்த விதியை வைத்துக்கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் வேலை செய்திருக்கிறது. கிராமத்தில் கழிப்பறை கட்டிக்கொடுத்த தொண்டு நிறுவனங்களுக்கு இந்தியாவில் பஞ்சமில்லை. எல்லாரும் வந்தால் வருவோம், ஒருவர் விட்டாலும் வரமாட்டோம் என்று அடம்பிடித்தவர்கள் அரிது. அந்த அடம் ஏன் வந்தது, எதைச் சாதித்தது, எங்கே உறுத்துகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

மெட்ராஸிலிருந்து போனவர்கள்

கதை தொடங்குவது நம்ம ஊரில். 1971-இல் சென்னைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஓர் இளைஞர் இயக்கமாகத் திரண்டு, வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகளுக்கு உதவ மேற்கு வங்கம் போனார்கள். அவர்களை அழைத்துப் போனவர் ஜோ மடியத், கேரளத்துக்காரர், பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக இருந்தவர். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் ஒடிசாக் கடற்கரையைப் புயல் தாக்கிப் பல ஆயிரம் பேர் செத்துப்போனார்கள். முகாம் வேலையில் இருந்தவர்களில் ஒரு சிறு குழு அங்கிருந்து ஒடிசாவுக்கு நகர்ந்தது. நிவாரணம் முடிந்ததும் பெரும்பாலானோர் படிப்புக்கும் வேலைக்கும் திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை.

திரும்பாதவர்கள் முதலில் கையில் எடுத்தது பாசனம். நல்ல எண்ணம்தான். ஆனால் தண்ணீர் வந்தால் லாபம் நிலம் உள்ளவனுக்கு, நிலமில்லாதவனுக்குக் கூலி வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இது புரிந்தபிறகு 1970-களின் நடுவில் தெற்கே கஞ்சம் மாவட்டத்துக்குப் போனார்கள். (1936-இல் ஒடிசா தனி மாகாணம் ஆகும்வரை கஞ்சம் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஒரு வகையில் பழைய மாகாணத்துக்குள்ளேயே இடம் மாறியிருக்கிறார்கள்.) அங்கே பழங்குடி மக்களிடையே பால் பண்ணைத் திட்டம் ஒன்றைத் தொடங்கப் போனவர்களுக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. அந்த மலைப்பகுதி கோந்த் மக்களிடம் பசுவைக் கறக்கும் வழக்கமே இல்லை. பால் கன்றுக்கு உரியது. ஊரைக் கேட்காமல் திட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

கிராம விகாஸ் 1979 ஜனவரியில் பதிவானது. ஆரம்ப ஆண்டுகளில் கெரண்டிமால் மலைக் கிராமங்களில் சாராய வியாபாரிகளிடமும் வட்டிக்காரர்களிடமும் அடகு போன நிலத்தை மீட்பது, கூட்டம் போடுவது, மனுக் கொடுப்பது என்று போராட்டம் கலந்த வேலை. அதை இங்கே விரிக்க இடமில்லை.

ஆனால் 1980-களின் சாண எரிவாயு வேலையைச் சொல்லாமல் போக முடியாது. சுமார் பத்து ஆண்டுகளில் 54,000 எரிவாயுக் கலன்கள் அமைத்தார்கள். ஒடிசாவில் அந்தக் காலத்தில் அமைக்கப்பட்டவற்றில் பெரும்பங்கு இவர்களுடையது. இதைத் தொண்டுலகில் வெற்றி என்பார்கள். இன்னொரு நிறுவனமாக இருந்தால் அதையே முப்பது வருடம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். இவர்கள் கொத்தனார்களையும் மேற்பார்வையாளர்களையும் சொந்தமாகத் தொழில் செய்ய விட்டுவிட்டு விலகிக்கொண்டார்கள். எரிவாயுக் கலனுக்குச் சாணம் வேண்டும், சாணத்துக்கு மாடு வேண்டும். மாடில்லாத வீட்டுக்கு 54,000-த்தில் ஒன்றுகூட வராது. பாசனத்தில் நிலமில்லாதவன் விடுபட்டான், எரிவாயுவில் மாடில்லாதவன் விடுபட்டான். 1992-இல் வந்த விதியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். வீடு வீடாக எண்ணுகிற எந்தத் திட்டமும் ஊரின் கடைசி வீட்டுக்கு வந்து சேர்வதில்லை.

குளத்துக்கு வேலி கிடையாது

எரிவாயுவை விட்டபிறகு அடுத்து என்ன என்று ஊர்களில் நோய்க்கணக்கு எடுத்தார்கள். பெரும்பாலான நோய்க்குக் காரணம் தண்ணீர் என்று வந்தது. தண்ணீர் கெட்டதற்குக் காரணம் மனித மலம். குளிப்பதும் துணி துவைப்பதும் மாடு கழுவுவதும் அதே குளத்தில். கரையோரம்தான் ஒதுங்குவதும். மழை பெய்தால் எல்லாம் ஒன்றுகலந்துவிடும்.

இங்கேதான் கழிப்பறை மற்ற பொருள்களிலிருந்து வேறுபடுகிறது. என் வீட்டில் மின்விசிறி இருந்தால் எனக்குக் காற்று, உங்களிடம் இல்லாதது என்னைப் பாதிக்காது. நான் பத்தாயிரம் செலவழித்துக் கழிப்பறை கட்டி, பக்கத்து வீட்டுக்காரர் தொடர்ந்து குளக்கரைக்குப் போனால் என் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரத்தான் செய்யும். ஊரில் பாதிப்பேர் கட்டினால் பாதி பலன் என்று கணக்குப் போட முடியாது. இது பொருளாதார வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற விஷயம். கிராமத்தில் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை, குளம் எல்லாருக்கும் பொது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் முதலில் கட்டமாட்டார்கள்.

இதோடு சாதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த அரசுத் திட்டம் வந்தாலும் குழாய் ஊர்த்தெருவோடு நின்றுவிடும். சேரிக்குப் போகாது, அல்லது ஒரு பொதுக்குழாய் போகும், அதிலும் வாரத்தில் மூன்று நாள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே அளவுக் குழாய், தலித் வீட்டுக்கும் மேல்சாதி வீட்டுக்கும் அதே மூன்று குழாய் என்று வைத்தபோது, கழிப்பறையைவிட அந்த ஒரே தொட்டிதான் பல ஊர்களில் தொண்டையில் சிக்கிய முள்.

முதல் கட்டத்தில் 1992 முதல் 1995 வரை ஐந்து கிராமங்கள், 337 குடும்பங்கள். மூன்று வருடத்தில் 337 குடும்பம் என்றால், எரிவாயு வேலையில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு அது எறும்பு ஊர்வது மாதிரி. நேரம் போனதெல்லாம் கட்டுவதில் இல்லை, ஒப்புக்கொள்ள வைப்பதில். பிறகு இந்தத் திட்டத்துக்கு மந்த்ரா என்று பெயர் வைத்தார்கள்.

வேலை எப்படி நடக்கும்

ஊர்க்கூட்டம் கூடி, ஒவ்வொரு குடும்பமும் சம்மதித்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தபிறகுதான் எதுவும் தொடங்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், சில ஊர்களில் வருடக்கணக்கில். எல்லாக் குடும்பத்திலிருந்தும் ஓர் ஆண், ஒரு பெண் என்று இருவரும் பொதுக்குழு உறுப்பினர்கள். நிர்வாகக் குழுவில் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கை. ஊர்ச் சங்கம் முறைப்படி பதிவு செய்யப்படும், வங்கிக் கணக்கு அதன் பெயரில்.

அப்புறம் பணம். குடும்பத்துக்குச் சராசரியாக 1,000 ரூபாய் ஊர்நிதிக்குக் கட்ட வேண்டும். சராசரி என்ற சொல்லில்தான் சூட்சுமம். வசதி உள்ளவர் கூடக் கொடுப்பார், இல்லாதவர் குறைத்துக் கொடுப்பார், யார் எவ்வளவு என்று ஊரே உட்கார்ந்து முடிவு செய்யும். மொத்தம் மட்டும் வீட்டு எண்ணிக்கையை ஆயிரத்தால் பெருக்கிய தொகைக்குக் குறையக்கூடாது. அந்தப் பணத்தில் கட்டட வேலை எதுவும் நடக்காது. அது வங்கியில் வைப்பாகக் கிடக்கும். அதன் வட்டி பின்னால் ஊரில் புதிதாகக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிறவர்கள் கழிப்பறை கட்ட உதவித்தொகை. இன்றைக்கு நூறு சதவீதமாக இருக்கும் ஊர் பத்து வருடம் கழித்தும் நூறு சதவீதமாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த ஏற்பாடு. நான் படித்த எத்தனையோ திட்டங்களில் இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததில்லை. பிறக்காத குடும்பத்துக்கு யார் பட்ஜெட் போடுகிறார்கள்?

கட்டுமானத்தில் மண், கல், செங்கல், மணல், ஆள் வேலை எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. சிமெண்ட், கம்பி, கதவு, பீங்கான் போன்ற வெளியிலிருந்து வாங்குகிற சாமான்களுக்கு நிறுவனம் உதவும். கழிப்பறைக்கு இரண்டு உறிஞ்சுகுழி. ஒன்று நிரம்பினால் மற்றதற்குத் திருப்பிவிடலாம், நிரம்பியது காலப்போக்கில் மக்கி எருவாகும், ஆளை இறக்கி அள்ள வேண்டியதில்லை. ஒட்டியே குளியலறை. உள்ளூர் இளைஞர்களுக்குக் கொத்து வேலை சொல்லிக்கொடுத்து அவர்களை வைத்தே கட்டினார்கள், அவர்களில் பலருக்கு அது வாழ்நாள் தொழிலானது.

குளியலறையைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அரசு கட்டிக்கொடுத்த கழிப்பறைகள் பெரும்பாலும் நிமிர்ந்தால் தலை இடிக்கும் பெட்டிகள். எங்கள் பக்கத்தில் அவற்றில் விறகு அடுக்கி, கோழி அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அந்தப் பெட்டிக்கு அதுதான் சரியான உபயோகம். கிராம விகாஸ் கட்டியவை ஆள் தாராளமாக நிற்கிற அளவில், முறையான கூரையோடு, ஏழைக்கு மட்டமானது ஏன் என்ற கேள்வியோடு கட்டப்பட்டவை. சில ஊர்களில் குடிசையைவிடக் கழிப்பறை திடமாக நின்றது. பெண்களை இந்தப் பக்கம் இழுத்ததில் கழிப்பறைக்கு இருந்த பங்கைவிடக் குளியலறைக்கும் குழாய்க்கும் பங்கு அதிகம். குளத்தில் சேலையோடு முங்கி, ஈரச்சேலையோடு வீடு திரும்பி, மாதவிலக்கு நாளிலும் அதே நிலை என்றிருந்தவர்களுக்குக் கதவு தாழ்ப்பாள் போட்ட நான்கு சுவர் என்ன என்பதை ஆண்கள் நடத்தும் ஊர்க்கூட்டம் தானாக யோசித்திருக்காது. குடம் சுமப்பது நின்றது தனி.

வீட்டுக்கு மூன்று குழாய். கழிப்பறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று, அடுக்களையில் ஒன்று. இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர். சமவெளியில் கிணறு அல்லது ஆழ்துளையிலிருந்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவார்கள். மலைக் கிராமங்களில் மேலேயுள்ள சுனையிலிருந்து பைப் இழுத்து, மோட்டாரும் கரண்டும் இல்லாமல் சரிவிலேயே இறக்கிவிடுவார்கள். எல்லா வீட்டிலும் வேலை முடிந்தபிறகே வால்வு திறக்கும், ஆரம்பத்தில் சொன்னேனே, அது.

திறந்தபின் பராமரிப்பு ஊருடையது. கரண்டுக்கும் ஆப்பரேட்டர் சம்பளத்துக்கும் மாதக் கட்டணம், சில இடங்களில் அறுப்பு முடிந்ததும் தானியப் பங்கு, ஊர்க்குளத்தில் மீன் வளர்த்து வரும் வருமானம். வெளிக்குப் போனால் அபராதம்.

ஆய்வுகள் என்ன சொன்னன

பலன் இருந்ததா? தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை நம்ப வேண்டாம், வெளியாட்கள் அளந்ததைப் பார்ப்போம். அதிலும் ஒரு முரண் இருக்கிறது, அதனால்தான் இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட நால்வர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் நூறு கிராமங்களில் தண்ணீர் திறந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் நோயை ஒப்பிட்டது. சிகிச்சைக்குப் போகும் அளவிலான வயிற்றுப்போக்கு 30 முதல் 50 சதவீதம் குறைந்திருந்தது, ஐந்தாண்டு கழித்தும் அந்தக் குறைவு நீடித்தது. இதை அதே ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் நடந்த இன்னோர் ஆய்வோடு வைத்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் முழு சுகாதார இயக்கத்தின்கீழ் நூறு கிராமங்களில் பாதிக்கு மட்டும் கழிப்பறை கட்டச் செய்து, மீதிப் பாதியோடு ஒப்பிட்டார்கள். 2014-இல் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழில் முடிவு வந்தது. திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் மாற்றமே இல்லை. பயன்பாட்டுக்கு ஏற்ற நிலையில் கழிப்பறை இருந்த வீடுகள் 38 சதவீதம்தான், வீட்டுக்குக் குழாய்த் தண்ணீரும் அந்தத் திட்டத்தில் கிடையாது. கால் கழுவக் குடத்தில் தண்ணீர் சுமந்து வர வேண்டுமென்றால், குளக்கரைக்கே போய்விட்டு வரலாம் என்று தோன்றத்தானே செய்யும்? அறுபத்து மூன்றுக்கும் நூறுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இத்தோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் 2015–16-இல் கஞ்சம், கஜபதி மாவட்டங்களில், கிராம விகாஸ் திட்டம் முடிந்து பல ஆண்டுகளான 45 ஊர்களையும் திட்டம் வராத, மற்றபடி ஒத்த 45 ஊர்களையும் ஒப்பிட்டார்கள். இந்த முறை வயிற்றுப்போக்கில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் வயதுக்கேற்ற உயரத்தில் சற்றே முன்னால் இருந்தார்கள். உயரம் நீண்டகால ஆரோக்கியத்தின் அடையாளம், அந்த வாரம் வயிறு போனதா என்று தாயிடம் கேட்பதைவிட அது நம்பகமான அளவுகோல் என்று வாதிடலாம். வாதிடுகிறார்கள். எனக்கும் ஓரளவு அது சரியாகவே படுகிறது. ஆனாலும் வயிற்றுப்போக்கு பாதியானது என்று மேடையில் முழங்குவதற்கு இனி யாரும் தயங்கத்தான் வேண்டும்.

உறுத்தல்கள்

நூறு சதவீதம் என்ற விதிக்கு ஒரு முகம் இருக்கிறது, அதைத் தொண்டு நிறுவனங்கள் அழகான வார்த்தையில் மூடிவிடும். ஊர் முழுக்கத் தண்ணீருக்காகக் காத்திருக்கும்போது கட்டாத அந்த இரண்டு வீட்டின் மேல் என்ன அழுத்தம் விழும் என்று யோசித்துப் பாருங்கள். விதவைக்கு ஊரே சேர்ந்து கட்டிக்கொடுத்தால் அது ஒற்றுமை. கட்டாதவனோடு பேச்சுவார்த்தையை நிறுத்தி, கடையில் சாமான் கொடுக்காமல் வழிக்குக் கொண்டுவந்தால் அதற்கு நம் ஊரில் வேறு பெயர் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே விதிதான் இடம் தருகிறது. எது நடக்கும் என்பது ஊரைப் பொறுத்தது, ஊர்க்கூட்டத்தில் யார் பேச முடிகிறது என்பதைப் பொறுத்தது.

அதே விதி எதிர்த்திசையிலும் வேலை செய்தது என்பதையும் மறுக்க முடியாது. வழக்கமாக மேல்தெரு எடுக்கிற முடிவுக்குக் கீழ்த்தெரு கட்டுப்படும். இங்கே கடைசி வீட்டுக்காரர் சம்மதிக்காமல் மேல்தெருவுக்குத் தண்ணீர் வராது. ஊரில் எதற்குமே கேட்கப்படாத ஒருவருடைய சம்மதம் திடீரென்று விலை உயர்ந்ததாகிறது. குறைகளையெல்லாம் கூட்டிக் கழித்த பிறகும் நான் இந்த விதியின் பக்கம்தான் நிற்கிறேன், இந்த ஒரு காரணத்துக்காக.

வேகம் இன்னொரு பிரச்சினை. 2011 கணக்கெடுப்பில் ஒடிசாவின் கிராமப்புற வீடுகளில் கழிப்பறை இருந்தவை 14.1 சதவீதம். (தமிழ்நாட்டுக் கிராமங்களில் 23.2. மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை.) ஆயிரத்துச் சொச்சம் ஊர்களுக்கு ஒரு தலைமுறைக்காலம் ஆனால், ஒடிசாவின் ஐம்பதாயிரத்துக்கு அருகிலான கிராமங்களுக்கு எத்தனை தலைமுறை? அரசுதான் செய்ய முடியும். அரசு செய்தது, தன் வழியில்.

2014 அக்டோபரில் தூய்மை இந்தியா இயக்கம் வந்தது, கழிப்பறை கட்டும் வீட்டுக்கு 12,000 ரூபாய். 2019-இல் வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஜல் ஜீவன் வந்தது. இரண்டும் கிராம விகாஸ் கேட்டுக்கொண்டிருந்தவைதான், அதிலும் இரண்டாவதில் அவர்களுடைய நெடுநாள் கனவின் சாயல் இருக்கிறது. ஆனால் கழிப்பறைப் பணம் வீட்டுக்கணக்கில் தனித்தனியாக விழுகிறது. பக்கத்து வீடு கட்டுகிறதா இல்லையா என்று கேட்க எனக்குக் காரணமில்லை. கழிப்பறை ஒரு துறையிலிருந்து ஒரு வருடம், தண்ணீர் இன்னொரு துறையிலிருந்து வேறொரு வருடம். வால்வு யார் கையிலும் இல்லை. கிராம விகாஸின் பேரம் பேசும் பலம் முழுக்க அந்த வால்வில்தான் இருந்தது.

கஞ்சம் புயல் பாதையில் இருக்கிற மாவட்டம் என்பதையும் சேர்க்க வேண்டும். 2013 அக்டோபரில் ஃபைலின் கரை கடந்தது கோபால்பூர் அருகே. கரண்டு கம்பம் சாய்ந்தால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மூன்று குழாயும் வறண்டுவிடும். மலைச்சுனைக் கிராமங்கள் அந்த வகையில் தப்பித்தன என்றாலும் மண்சரிவில் பைப் போகிற ஆபத்து அவற்றுக்கு உண்டு.

கடைசியாக அந்த ஆயிரம் ரூபாய். நூறு குடும்ப ஊரில் ஊர்நிதி ஒரு லட்சம். 1990-களின் நடுவில் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு 12 சதவீதம் வட்டி சாதாரணம், வருடத்துக்குப் 12,000 வரும். என் கணக்கில் அன்றைக்கு அது நாலைந்து புது வீட்டுக்குச் சிமெண்டும் கதவும் பீங்கானும் வாங்கக் காணும். இன்று ஆறரை சதவீதம் என்று வைத்தால் 6,500. அரசே ஒரு கழிப்பறைக்குக் கொடுக்கிற 12,000-த்தில் ஏறக்குறைய பாதி, அந்த 12,000-மே போதவில்லை என்று ஊரெல்லாம் புலம்புகிற காலத்தில். முதல் அப்படியே இருக்கிறது, அது தாங்க வேண்டிய ஊர் மட்டும் பெருத்துவிட்டது. நிதியை உயர்த்த வேண்டுமென்றால் மறுபடி ஊர்க்கூட்டம் போட்டு, யாருக்கு எவ்வளவு என்று மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். கஞ்சம் ஊர்களில் அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டிய இளைஞர்கள் பலர் சூரத் தறிக்கூடங்களில் இருக்கிறார்கள்.